நின்றுபோன சில்வர் ஷேடோவை மீண்டும் ஓட்டுவதற்கு முன்: எஞ்சினை விட பிரேக்கே முதலில்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: தந்தையார் வைத்திருந்த 1974ஆம் ஆண்டு ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஷேடோ 15 ஆண்டுகளாக ஷெட்டில் நிற்கிறது, நிறுத்தியபோது நல்ல ஓட்டத்தில் இருந்தது, புது பேட்டரி வைத்து, புதிய பெட்ரோல் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, அப்படியே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த எஞ்சின் உறுதியானது. நான்கு மடங்கு அலட்சியத்தையும் பொறுத்துக்கொண்டு அது ஓடத் தொடங்கிவிடக்கூடும். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி தானாக நகரத் தொடங்கிய பிறகு அதை நிறுத்த எதுவும் இல்லாமல் போவதுதான் என் கவலை.

மற்ற பழைய கார்களுக்குச் சொல்லப்படும் பொதுவான அறிவுரை இந்த வண்டிக்குப் பாதிதான் பொருந்தும். 1965ஆம் ஆண்டு சில்வர் ஷேடோ வெளிவந்தபோது, பிரேக்குக்கும், ஏற்றும் எடை மாறினாலும் வண்டியின் உயரத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் உயரச் சமன்பாட்டுக்கும் சிட்ரோன் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற உயர் அழுத்த ஹைட்ராலிக் முறையை அதில் அமைத்தார்கள். எஞ்சினின் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) இரண்டு சிறிய பம்புகளை இயக்குகிறது. அவை பிரேக் திரவத்தை அக்யுமுலேட்டர் எனப்படும் இரண்டு அழுத்தச் சேமிப்புக் கலன்களில் ஏறத்தாழ சதுர அங்குலத்துக்கு 2,500 பவுண்டு அழுத்தத்தில் சேமித்து வைக்கின்றன. நீங்கள் மிதியை அழுத்தும்போது சக்கரங்களுக்குப் போவது பெரும்பாலும் அந்தச் சேமிப்புதான். ஆகவே இந்த வண்டியில் எஞ்சின் வேறு, பிரேக் வேறு என்று பிரித்துப் பார்க்க முடியாது. எஞ்சின் சுற்றிய கணத்திலிருந்து பிரேக் பம்புகளும் சுற்றும். தொட்டியில் திரவம் வற்றியிருந்தாலோ, அடியில் கசடு படிந்திருந்தாலோ, நுண்ணிய இடைவெளியில் பொருத்தப்பட்ட அந்தப் பம்புகள் உலர்வாகவோ கசடை இழுத்துக்கொண்டோ ஓடும். ‘ஒரு நிமிடம் சத்தம் மட்டும் கேட்டுப் பார்க்கலாம்’ என்ற ஆசையில்தான் பல வண்டிகளில் நல்ல பம்புகள் பழுதாகின்றன.

முதல் வேலை பார்ப்பது. எதையும் திருப்பாமல், எதையும் தள்ளாமல் பார்ப்பது. சில்வர் ஷேடோவுக்கு முன்பு வந்த சில்வர் கிளவுடுக்குத் தனிச் சட்டகம் உண்டு, இதற்குக் கிடையாது. உடற்கூடே சட்டகமாக இருப்பதால், கதவுகளின் கீழுள்ள பெட்டிப் பகுதி, பின்சக்கர வளைவு, பின் சஸ்பென்ஷன் உடலோடு சேரும் இடம், ஜாக்கி வைக்கும் இடம் ஆகியவற்றில் துரு தின்றிருந்தால் அது தோற்றக் குறை ஆகாது, கட்டுமானக் குறை. இந்த இடங்களை நல்ல வெளிச்சத்தில், கூர்மையில்லாத கருவியால் தட்டிப் பாருங்கள். தகடு மழுங்கிய ஒலி கொடுத்தாலோ உள்ளே அமிழ்ந்தாலோ, எஞ்சின் வேலையைத் தொடங்குவதற்கு முன் தகட்டு வேலை தெரிந்த ஒருவரிடம் மதிப்பீடு வாங்குங்கள். ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் அதுவரை செய்த மாடல்களிலேயே அதிக எண்ணிக்கையில் விற்றது இதுதான். அரிய வண்டி என்ற எண்ணத்தில் அடித்தளம் அழுகிய ஒன்றில் பணத்தைக் கொட்டுபவர்கள், அதே செலவில் நல்ல உடலோடு இன்னொன்றை வாங்கியிருக்கலாம் என்று பின்னர் தெரிந்துகொள்கிறார்கள். மறுபுறம், எண்ணிக்கை அதிகம் என்பதாலேயே இதன் உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. உடல் நன்றாக இருந்தால் மற்ற அனைத்தையும் சரிசெய்ய முடியும் என்ற தைரியம் அதனால்தான் வருகிறது.

எலி புகுந்ததா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டி, சைலன்சரின் வாய், இருக்கைகளின் அடி, ஹீட்டர் காற்று போகும் குழாய் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். கடித்த வயர் ஒன்று தென்பட்டால், தென்படாதவை இன்னும் சில இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இதன் கியர் தேர்வு நேரடி இணைப்புக் கம்பியால் நடப்பதில்லை. ஸ்டீயரிங் அருகிலுள்ள சிறு நெம்புகோல் மின்சாரக் கட்டளை கொடுக்க, கியர் பெட்டியில் உள்ள மோட்டார் அதை நிறைவேற்றுகிறது. பேட்டரி செத்திருந்தால் ‘பார்க்’ நிலையிலிருந்து வண்டி வெளிவராது. பலவந்தமாக இழுத்தால் பூட்டுப் பல் உடையும். ஆட்டோமேடிக் கியர் பெட்டி என்பதால் தள்ளி ஸ்டார்ட் செய்யும் பேச்சுக்கும் இடமில்லை. பிரேக் பேடுகள் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கோடு துருவால் ஒட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. நான்கு சக்கரங்களையும் உறுதியான ஸ்டாண்டுகளில் தூக்கி வைத்து, நின்ற இடத்திலேயே தொடக்க வேலைகளை முடிப்பது என் விருப்பம். ஸ்டாண்ட் இல்லாமல் வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகாதீர்கள். உயரச் சமன்பாட்டு அமைப்பு எப்போது எந்தப் பக்கம் தாழும் என்று சொல்ல முடியாது.

இனி பிரேக். இந்தப் பதிலின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குகிறேன், காரணம் இருக்கிறது.

சில்வர் ஷேடோவுக்கு உரியது கிளைக்கால் (glycol) வகை பிரேக் திரவம். ஆர்ஆர்363 என்ற பெயரில் இதற்கென்றே தயாரிக்கப்படுகிறது. சாதாரண பிரேக் திரவத்திலிருந்து இது வேறுபடுவது வழுவழுப்பில்தான். உயர் அழுத்தத்தில் ஓயாமல் இயங்கும் பம்புகளும் பின்பக்க உயர வால்வுகளும் இந்தத் திரவத்தையே மசகாக நம்பியிருக்கின்றன. சாதாரணத் திரவத்தை ஊற்றினால் பிரேக் பிடிக்கும், ஆனால் வால்வுகள் கிறீச்சிடத் தொடங்கி விரைவில் தேயும். 1980 முதல் வந்த சில்வர் ஸ்பிரிட், சில்வர் ஸ்பர் வண்டிகளுக்கோ முற்றிலும் வேறான பச்சை நிறக் கனிம எண்ணெய். இரண்டும் ஒன்றோடொன்று பகை. ஒன்றின் ரப்பர் சீல்கள் மற்றதன் திரவம் பட்டவுடன் ஊதிப் பழுதாகும். ஒரு குவளை மாற்றி ஊற்றினாலே முழு அமைப்பையும் பிரித்து, எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டி வரும். ‘ரோல்ஸ்-ராய்ஸ் பிரேக் ஆயில்’ என்று பொதுவாகக் கேட்டு வாங்குவது ஆபத்து. தொட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்; எழுத்து அழிந்திருந்தால் வண்டியின் எண்ணைக் கொண்டு உறுதிசெய்யுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5 திரவத்தை, நீரை உறிஞ்சாது என்ற அதன் நற்பெயரை நம்பி, இந்த அமைப்பில் ஒருபோதும் ஊற்றக் கூடாது.

கிளைக்கால் திரவம் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும். ஓடும் வண்டியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்; 15 ஆண்டு நின்றதில் என்ன சேர்ந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். அந்த ஈரம் எஃகுக் குழாய்களை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது. காலிப்பரின் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) பிஸ்டன்களைச் சிலிண்டரோடு இறுக்குகிறது. ரப்பர் ஹோஸ்கள் இன்னும் வஞ்சகமானவை: வெளியே புதிது போலத் தோன்றினாலும் உள்ளே ஊதி, துளை குறுகி, அழுத்தத்தை உள்ளே விட்டுத் திரும்ப விடாமல் அடைத்துக்கொள்ளும். மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே சூடாவது இதன் அடையாளம். ஹோஸின் வயது தெரியாவிட்டால் அதைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இந்த வண்டியில் முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு காலிப்பர்; பின் சக்கரத்தில் ஒன்று; ஆக ஆறு காலிப்பர்களையும் கழற்றி, பிஸ்டன்களை வெளியே எடுத்து, சீல் மாற்ற வேண்டும். அந்தக் காலப் பேடுகளில் கல்நார் இருந்திருக்கும் என்பதால் தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

எந்த இணைப்பைத் தளர்த்துவதற்கும் முன், அமைப்பில் அழுத்தம் மிச்சமில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். நின்ற வண்டியில் அழுத்தம் தானே இறங்கியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் உண்மைதான், ஆனால் ‘பெரும்பாலும்’ என்பது இங்கே போதாது. எஞ்சின் நின்ற நிலையில் மிதியைப் பல பத்து முறை முழுதாக அழுத்தி விடுவித்து, பிறகு ஒர்க்‌ஷாப் கையேடு காட்டும் இடத்தில் பிளீட் திருகை (திரவத்தை வடிக்கும் திருகு) திறந்து வடித்துவிடுங்கள். பின்னாளில் எஞ்சின் ஓடும்போது கசிவு தேட நேர்ந்தால் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். இந்த அழுத்தத்தில் ஊசிமுனைத் துளையிலிருந்து பீய்ச்சும் திரவம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம். ஓர் அட்டையைக் குழாயருகே பிடித்தால் போதும், நனையும் இடம் கசிவைக் காட்டிக்கொடுக்கும்.

அக்யுமுலேட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உருண்டை வடிவக் கூட்டின் ஒரு பாதியில் நைட்ரஜன், மறு பாதியில் திரவம், நடுவில் ரப்பர்த் திரை. எஞ்சின் திடீரென நின்றாலும் பலமுறை பிரேக் பிடிக்க முடிவது இந்த நைட்ரஜன் விசையால்தான். அந்த வாயு, ஆண்டுகள் செல்லச் செல்ல, ரப்பரின் வழியே மெல்ல வெளியேறிவிடும். ஓட்டினாலும் போகும், நிறுத்தினாலும் போகும். அமைப்பு முழுவதும் சரிசெய்யப்பட்டு எஞ்சின் ஓடிய பிறகு ஓர் எளிய சோதனை உண்டு: எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் இயக்க நிலையில் வைத்து, டாஷ்போர்டில் உள்ள இரண்டு பிரேக் அழுத்த எச்சரிக்கை விளக்குகளும் எரியும் வரை மிதியை எத்தனை முறை அழுத்த முடிகிறது என்று எண்ணுங்கள். நல்ல நிலையில் இருப்பது பல பத்து அழுத்தங்கள் தாங்கும். நாலைந்தில் விளக்கு எரிந்தால் நைட்ரஜன் இல்லை என்று பொருள். அத்தகைய வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது. வாயு நிரப்புவதும் திரை மாற்றுவதும் வீட்டு வேலை அல்ல. அதற்கான கருவி உள்ளவர்களிடம் இரண்டையும் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். கேம்ஷாஃப்டால் இயங்கும் பம்புகளையும் அவர்களே பார்த்துவிடட்டும்.

கைப்பிரேக் இந்த ஹைட்ராலிக் அமைப்போடு தொடர்பில்லாமல் கம்பி இழுவையால் பின்சக்கரங்களைப் பிடிக்கும். முதல் ஓட்டத்தில் உங்களுக்கு உள்ள ஒரே மாற்றுவழி அதுதான் என்பதால் அதன் கம்பி இறுகாமல் அசைகிறதா என்று பார்த்து, எண்ணெயிட்டு வையுங்கள்.

இப்போது எஞ்சினுக்கு வரலாம். 1970 முதல் இந்த மாடலில் உள்ளது 6.75 லிட்டர் கொள்ளளவுள்ள அலுமினிய வி8. சிலிண்டர் உறைகள் வார்ப்பிரும்பால் ஆனவை. அவற்றைச் சுற்றி நேரடியாகக் குளிரூட்டும் நீர் ஓடுகிறது. அலுமினியமும் இரும்பும் நீரும் ஒரே இடத்தில் சந்திப்பதால், துரு தடுக்கும் மருந்து கலந்த கூலன்ட் எப்போது கடைசியாக மாற்றப்பட்டது என்பதே இந்த எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி என்றால் உறைகளின் அடியில் கசடு இறுகியிருக்கும். எஞ்சின் கட்டையின் இரு பக்கங்களிலும் சிறு துளைகள் உள்ளன. உறையின் அடிச் சீல் கசிந்தால் அந்த நீர் எண்ணெயோடு கலக்காமல் வெளியே வந்து தெரிவதற்காக வைக்கப்பட்டவை அவை. அங்கே வெள்ளையாகவோ பழுப்பாகவோ காய்ந்த தடம் இருந்தால், அந்த எஞ்சினைப் பற்றி எல்லாவற்றையும் அது சொல்லிவிட்டது. யாராவது ‘கசிவு’ என்று நினைத்து அந்தத் துளையை அடைத்து வைத்திருந்தால் அது இன்னும் மோசமான செய்தி.

எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இளகிய எண்ணெய் சில கரண்டி விட்டு, சில நாட்கள் ஊற விடுங்கள். பிறகு கிராங்க் முனை நட்டில் நீண்ட ஸ்பானர் வைத்து, எஞ்சின் ஓடும் திசையிலேயே, கையால் மட்டும் திருப்புங்கள். சீராகத் திரும்பினால் நல்லது. எங்காவது நின்றால் நெம்ப வேண்டாம். இன்னும் எண்ணெய் விட்டு இன்னும் காத்திருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் பலத்தால் இறுக்கத்தை உடைப்பவர்கள் பிஸ்டன் வளையத்தையோ ஒட்டியிருக்கும் வால்வின் தள்ளுகோலையோ உடைக்கிறார்கள். இது பொறுமையால் மட்டுமே முடியும் வேலை. எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். 20டபிள்யூ-50 கனிம எண்ணெய் இந்த எஞ்சினுக்குப் பொருந்தும்; விலை உயர்ந்த மெல்லிய செயற்கை எண்ணெய் பழைய சீல்களில் கசியத்தான் உதவும்.

பெட்ரோல் அமைப்பில் நான் சலுகை காட்டுவதில்லை. பழைய பெட்ரோல் நாட்பட நாட்பட ஆவியாகி, மிச்சம் அரக்கு போல இறுகி, டேங்கின் அடியிலும் கார்புரேட்டரின் நுண் துளைகளிலும் படிகிறது. அதன் மேல் புதிய பெட்ரோலை ஊற்றினால் அது கரைந்து, வால்வுத் தண்டுகளில் போய் ஒட்டி, ஓடிய எஞ்சின் மறுநாள் காலையில் வால்வு இறுகி நிற்கும். டேங்கைக் காலி செய்து கழுவுங்கள். எல்லா ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், ஏனெனில் இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் 1970களின் ரப்பரைக் கரைக்கிறது. சூடான வி8 எஞ்சினின் மேல் வெடித்த குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டுவது பழைய கார்கள் எரிவதற்கு அடிக்கடி நேரும் காரணம். இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்களையும் பிரித்துக் கழுவி, பிஸ்டன் தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, மேல் குழாயில் புதிய எண்ணெய் விடுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு வண்டியின் டேங்கை நம்பாமல் சிறிய தனிக் கேனிலிருந்து கொடுப்பது நல்லது.

வயரிங் பற்றிச் சுருக்கமாக: பேட்டரியை இணைக்கும் முன் கேபிள் உறை வெடித்திருக்கிறதா பாருங்கள், எர்த் இணைப்புகளைச் சுரண்டித் துலக்குங்கள், ஃபியூஸ் முனைகளைத் துடையுங்கள், துருவங்களை இருமுறை சரிபாருங்கள். கண்ணாடி ஏற்றும் மோட்டார்களை அன்றே இயக்கிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். காய்ந்த கிரீஸில் அவை இழுத்துப் பற்களை உடைத்துக்கொள்ளும். ஏசியைக் கடைசிக்கு விடுங்கள். இதில் நிரப்பப்பட்டிருந்த ஆர்12 என்ற குளிரூட்டும் வாயுவைக் காற்றில் திறந்துவிடக் கூடாது.

ஸ்டார்ட் செய்யும் நாளில் கூரையற்ற இடமோ கதவுகள் திறந்த இடமோ வேண்டும், தீயணைப்பானுடன் ஒருவர் அருகே நிற்க வேண்டும். பிளக்குகள் இல்லாமலேயே, இக்னிஷனைத் துண்டித்து, சிறு சிறு இடைவெளி விட்டு ஸ்டார்ட்டரை இயக்கி, எண்ணெய் அழுத்தம் எழுகிறதா என்று பாருங்கள். எழுந்த பின்னரே பிளக்குகளை மாட்டுங்கள். எஞ்சின் பிடித்ததும் டப்பெட்கள் (வால்வுகளை இயக்கும் சிறு பாகங்கள்) சிறிது நேரம் தட்டும். எண்ணெய் நிரம்பியதும் அடங்கிவிடும். பிரேக் எச்சரிக்கை விளக்குகள் இரண்டும் அணைகின்றனவா என்பதை எண்ணெய் அழுத்தத்தைக் கவனிக்கும் அதே கண்ணால் கவனியுங்கள். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டர் சூடாகும் வரை ஓட விட்டு, கீழே படுத்து எங்கே என்ன சொட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கியர் பெட்டி ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமேடிக் 400. அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எண்ணெயும் ஃபில்டரும் மாற்றினால் பெரும்பாலும் மீண்டும் வேலை செய்யும். முதல் முறை கியர் விழச் சில விநாடி தாமதமாகலாம்.

டயர்களின் வரி ஆழத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். பதினைந்து ஆண்டு ஒரே இடத்தில் எடையைத் தாங்கி நின்றவற்றை, ஸ்டெப்னி உட்பட, மாற்றுவதைத் தவிர வழியில்லை. தோல் இருக்கைகளுக்கும் வால்நட் மரப் பலகைகளுக்கும் எதிரி அவசரம்: பூஞ்சை படிந்த காரை வெயிலில் நிறுத்திக் காயவைத்தால் மரத்தின் மேல் பூச்சு வெடிக்கும், தோல் சுருங்கும். நிழலில், கதவுகளைத் திறந்து வைத்து, சில வாரங்கள் மெல்ல உலர விட்டு, அதன் பிறகு காரமில்லாத சோப்பால் துடையுங்கள். இவற்றை ஓட்டத்துக்குத் தயாரான பிறகு செய்தாலும் குறைவில்லை. பளபளக்கும் இருக்கைக்கும் பிடிக்காத பிரேக்குக்கும் நடுவே செலவைப் பங்கிட வேண்டி வந்தால் எது முதலில் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிச் செல்லாமல் தட்டையான தளமுள்ள லாரியில் ஏற்றி அனுப்புங்கள். இந்த ஹைட்ராலிக் முறையில் அனுபவமுள்ளவரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அனுப்புங்கள். ‘எல்லாப் பிரேக்கும் ஒன்றுதான்’ என்று சொல்பவரிடம் விட வேண்டாம். பிரேக் வேலை முடிந்த பின் முதல் ஓட்டம் வாகனம் வராத சமதளத்தில், நடை வேகத்தில், கைப்பிரேக்கை எந்த நேரமும் இயக்கத் தயாராக இருந்தபடி நடக்கட்டும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா இணைப்புகளையும் மறுபடி பாருங்கள். ஐந்நூறில் எஞ்சின் எண்ணெயை மீண்டும் ஒருமுறை மாற்றுங்கள். காய்ந்திருந்த சீல்கள் சில இந்தக் காலத்தில் மீண்டும் ஊறிக் கசிவை நிறுத்தும், சில புதிதாகக் கசியத் தொடங்கும். எவை எவை என்று தெரிய மூன்று மாதமாவது ஆகும். அதுவரை நெடும்பயணம் வேண்டாம்.